மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல்

ஆபரேஷனுக்குக் காத்திருந்த 101 பேரிடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடச் சொன்னார்கள். கையில் 100 டாலர் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். மயக்கம் தெளிந்த பிறகு வரக்கூடிய தொல்லைகளின் பட்டியலைப் பார்த்து, எது வரவே கூடாது என்று நினைக்கிறார்களோ அதற்கு அதிகமாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் அந்தப் பணத்தைப் பிரித்துப் போட வேண்டும். வலிக்குத்தான் அதிகம் விழும் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் முதலிடம் வாந்திக்குப் போனது: 18 டாலர். தொண்டையில் குழாய் இருக்கும்போதே விழித்துக்கொண்டு ஓங்கரிப்பது இரண்டாவது. வலி மூன்றாவதாகத்தான் வந்தது. நான்காவது, வாந்தியாக வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே புரட்டும் குமட்டல். 1999-இல் வெளியான ஆய்வு இது.

ஆபரேஷன் வார்டில் ஓர் இரவு துணைக்கு இருந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வலிக்கு ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். குமட்டல் அப்படி அடங்குவதில்லை. தலையைத் திருப்பினால் வரும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் வரும். பக்கத்துக் கட்டிலில் யாராவது சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தால் வரும். வயிற்றில் புதுத் தையல் இருக்கும்போது ஓங்கரித்தால் தையல் இழுபட்டு வலியில் உயிர் போகும். கண், மூளை ஆபரேஷன்களில் ஓங்கரிக்கும்போது உள்ளே ஏறுகிற அழுத்தமே ஆபத்து. அரை மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் புண்படும். காலையில் ஆபரேஷன் முடிந்து மாலையில் வீட்டுக்குப் போக வேண்டியவர் வாந்தியால் இன்னொரு நாள் தங்கினால் மருத்துவமனைச் செலவும் ஏறும்.

தொல்லை புதிதல்ல. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். அடுத்த இரண்டாண்டுக்குள், 1848-இல், லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ ஆபரேஷனுக்குப் பிறகான வாந்தியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று பின்னாளில் நிறுவிய அதே ஸ்னோதான். வயிற்றில் சாப்பாடு இருந்தாலும், ஆபரேஷன் முடிந்த கையோடு நோயாளியை அசைத்தாலும் வாந்தி அதிகம் என்று அவர் கவனித்தார். அவர் சொன்ன இந்த இரண்டும் இன்றைக்கும் பொருந்தும். மயக்க மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் இன்றும் 100 பேரில் சுமார் 30 பேர் வாந்தி எடுக்கிறார்கள்.

இந்த அத்தியாயம் அந்த வாந்தியைக் குறைக்கும் ஒரு சிறிய வழியைப் பற்றியது. மணிக்கட்டின் உட்புறம் ஓர் இடத்தை விரலால் அழுத்துவதுதான் அது. காசு கிடையாது, நோயாளியும் செய்யலாம், துணைக்கு வந்தவரும் செய்யலாம். ஆனால் அழுத்தும் இடமும் நேரமும் தவறினால் பலனை எதிர்பார்க்க முடியாது. மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியதை மருந்துக்குப் பதிலாகச் செய்தால் ஆபத்தும் உண்டு.

யாருக்கு வரும்?

முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். ஜெர்மானிய மயக்க மருந்து நிபுணர் கிறிஸ்டியன் ஆப்ஃபெலும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் நான்கே கேள்விகள் கொண்ட எளிய கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் மயக்க மருந்து மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நோயாளி பெண்ணா? புகைபிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி எடுத்ததுண்டா, அல்லது பஸ், கார் பயணத்தில் வாந்தி வருமா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு புள்ளி. ஒன்றுமே இல்லாதவருக்கு வாந்தியோ குமட்டலோ வரும் வாய்ப்பு 100-க்குப் 10. ஒரு புள்ளிக்கு 20, இரண்டுக்கு 40, மூன்றுக்கு 60, நான்குக்கு 80 என்று ஏறிக்கொண்டே போகும்.

புகைபிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். அதற்காக யாரும் பீடியைத் தேட வேண்டியதில்லை. புகைப்பவரின் நுரையீரல் மயக்கத்தின்போது தரும் சிக்கல்கள் வாந்தியைவிடப் பல மடங்கு மோசமானவை. ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகைப்பதில்லை. ஆகவே, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கோ போய்ப் படுக்கும் ஒரு பெண் தொடக்கத்திலேயே இரண்டு புள்ளிகளோடு படுக்கிறார். மலைப்பாதையில் பஸ் ஏறினால் பாலித்தீன் பை கேட்பவர் என்றால் மூன்று. வலிக்கு மார்ஃபின் வகை ஊசி போட்டால் நான்கு.

ஆபரேஷனின் வகையும் பங்கு வகிக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் வாயு நிரப்பிச் செய்யும் ஆபரேஷன்கள், பித்தப்பை, கர்ப்பப்பை ஆபரேஷன்கள், குழந்தைகளின் மாறுகண் ஆபரேஷன் ஆகியவற்றில் வாந்தி அதிகம். மூக்கு வழியே சுவாசிக்கக் கொடுக்கும் மயக்க வாயுக்கள் வாந்தியைத் தூண்டும். நரம்பு வழியே சொட்டு சொட்டாக ஏற்றும் புரோபஃபால் மயக்கத்தில் வாந்தி குறைவு. எந்த மயக்கம் என்பதை முடிவு செய்வது மருத்துவர்தான். ஆனால் நோயாளி பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் என்று அவருக்குத் தெரிந்தால்தானே அவர் அதைக் கணக்கில் எடுக்க முடியும்?

பெல்ஃபாஸ்ட் பேராசிரியர்

அழுத்த வேண்டிய இடத்துக்குச் சீன மருத்துவத்தில் நெய்குவான் என்று பெயர். உலகெங்கும் மருத்துவ இதழ்கள் பி6 என்று சுருக்கி எழுதுகின்றன. சீனாவில் காலம் காலமாக அறியப்பட்ட இந்தப் புள்ளியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்து சோதித்தவர்களில் முதன்மையானவர், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்தியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டீ. மாற்று மருத்துவத்தில் ஊறியவர் அல்ல அவர். தயோபென்டோன் என்ற மயக்க ஊசி மருந்தைப் பற்றிய ஆராய்ச்சியால் பெயர் பெற்றவர். மருந்துகளை அளந்து எடைபோடுவதே அவர் வேலை.

சீனாவுக்குப் போயிருந்தபோது, மசக்கை வாந்தியைத் தடுக்கக் கர்ப்பிணிகளின் மணிக்கட்டுக்கு மேலே அழுத்தும் வழக்கத்தை அவர் அறிந்துகொண்டார். வேறொருவர் என்றால் சுவையான பயணச் செய்தியாகச் சொல்லிவிட்டு மறந்திருப்பார். டண்டீ ஊருக்குத் திரும்பி, சிறிய மகளிர் நோய் ஆபரேஷன்களுக்கு வந்த பெண்களிடம் அதைச் சோதனை செய்தார். ஒரு பிரிவினருக்கு பி6-இல் ஊசி குத்தினார். இன்னொரு பிரிவினருக்கு வேறோர் இடத்தில் குத்தினார். மூன்றாவது பிரிவினருக்கு ஊசி இல்லை. சரியான இடத்தில் ஊசி பெற்றவர்களிடம் வாந்தியும் குமட்டலும் தெளிவாகக் குறைந்தன. 1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானதும் மயக்க மருந்து உலகம் திரும்பிப் பார்த்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. ஊசி இல்லாமல் விரலால் அழுத்தினால் போதுமா? எவ்வளவு நேரம் தாங்கும்? எப்போது தொடங்க வேண்டும்? ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தார். கீமோதெரபி எடுத்த புற்றுநோயாளிகளிடம் ஊசியின் பலன் சில மணி நேரத்தில் தேய்ந்தது. பொத்தான் வைத்த மணிக்கட்டுப் பட்டையை மாட்டிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதை அழுத்தச் சொன்னபோது அந்தப் பலன் 24 மணி நேரம் வரை நீடித்தது. வீட்டில் கடைப்பிடிக்க ஏற்ற ஒழுங்கு அவருடைய அந்தச் சோதனையிலிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

1991-இல் வெளியான அவருடைய இன்னொரு சோதனை மிக அழகானது. பி6 இடத்தில் முதலில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு அக்குபங்சர் செய்து பார்த்தார்கள். பலன் காணாமல் போனது. அப்படியென்றால் அந்த இடத்து நரம்பு வழியாக மூளைக்கு ஏதோ ஒரு செய்தி போய்ச் சேர்கிறது. நரம்பை மரக்கச் செய்தால் செய்தியும் நின்றுபோகிறது. வாந்தியைக் கட்டுப்படுத்தும் பகுதி பின்மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. ரத்தத்தில் கலந்த மருந்துகள், குடலிலிருந்து வரும் வேகஸ் நரம்பு, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு என்று பல வாசல்கள் அதற்கு உண்டு. மணிக்கட்டிலிருந்து போகும் செய்தி அங்கே என்ன செய்கிறது என்பது இன்னும் முழுதாக விளக்கப்படவில்லை. ஆனாலும் நரம்பின் பங்கைக் காட்டியதில் பெல்ஃபாஸ்ட் சோதனைக்கு நிலையான இடம் உண்டு.

இடத்தைக் கண்டுபிடிப்பது

நோயாளியின் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் தளர்வாக வைக்கவும். மணிக்கட்டில் குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு தெரியும். நோயாளியின் மறுகையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மோதிர விரல் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும்படி குறுக்கே வைக்கவும். ஆள்காட்டி விரல் முடிகிற இடத்தில், முழங்கை இருக்கும் பக்கமாக, கட்டைவிரலை வைத்துத் தடவினால் கயிறு போல இரண்டு நாண்கள் நீளவாக்கில் ஓடுவது தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் பி6.

அளவு எடுப்பது நோயாளியின் விரலால்தான் இருக்க வேண்டும். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். தடித்த விரல் கொண்ட அப்பா, எட்டு வயதுப் பெண்ணின் கையில் தன் மூன்று விரலை வைத்து அளந்தால் இடம் முழங்கையை நோக்கி வெகுதூரம் போய்விடும். சீன மருத்துவத்தில் அளவுகோல் எப்போதும் நோயாளியின் உடம்பேதான். கட்டைவிரல் கணுவின் அகலம் ஓர் அலகு என்றால், பி6 மணிக்கட்டுக் கோட்டிலிருந்து இரண்டு அலகு தூரத்தில் இருக்கிறது. மூன்று விரல் அகலம் என்பது அதற்கு எளிய மாற்று.

நாண் சரியாகத் தெரியாவிட்டால், நோயாளி தன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கட்டும். நடுவில் உள்ள நாண் புடைத்துக்கொண்டு வரும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நடு நாண் இருக்காது. அது குறையல்ல, கையின் வலுவும் அதனால் குறைவதில்லை. அவர்களுக்குக் கட்டைவிரல் பக்கத்து நாணைக் கண்டுபிடித்து, அதை ஒட்டிச் சுண்டுவிரல் பக்கமாக, முன்கையின் நடுவில் அழுத்தினால் போதும்.

கண்டுபிடித்த இடத்தில் பேனாவால் ஒரு சிறு புள்ளி வைத்துவிடலாம். ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை, பரபரப்பு இல்லாத நேரத்தில் இதைச் செய்துவிடுவது நல்லது. மயக்கத்திலிருந்து பாதி தெளிந்து முனகிக்கொண்டிருப்பவரின் கையில் நாணைத் தேடுவது எளிதல்ல.

அழுத்தும் முறை

கட்டைவிரல் நுனியால் உறுதியாக அழுத்தி, இடம் விட்டு நகராமல் சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒரு கைக்கு இரண்டு மூன்று நிமிடம். பிறகு மறு கைக்கும் அதே போல. அழுத்தம் சரியாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு மந்தமான கனமும் லேசான வலியும் தெரியும். விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்றால் அழுத்தம் அதிகம். அந்த இடத்துக்கு நேர் அடியில் கையின் முக்கியமான நரம்பு ஒன்று ஓடுகிறது. அதை நசுக்கக் கூடாது. நகம் படக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, என்றாலும் வார்டில் நகத்தடம் பதிந்த மணிக்கட்டுகளைப் பார்க்க நேரலாம். நகத்தை வெட்டிவிட்டு உட்காருங்கள்.

டிரிப்ஸ் ஏறும் ஊசி மணிக்கட்டுப் பக்கம் குத்தியிருந்தால் அந்தக் கையைத் தொட வேண்டாம். ஒரு கை மட்டும் போதும்.

தொடர்ந்து அழுத்துவதற்குப் பட்டைகளும் உண்டு. அகலமான எலாஸ்டிக் பட்டையின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அது புள்ளியின் மேல் உட்காரும். பயண வாந்திக்காகச் சீ-பேண்ட் போன்ற பெயர்களில் விற்கப்படும் பட்டைகளும் இதே புள்ளியைத்தான் அழுத்துகின்றன. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி பற்றிய ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்டவை இந்த வகைப் பட்டைகள்தான். விளையாட்டு வீரர்கள் மாட்டும் துணிப்பட்டைக்குள் உருண்டையான சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்தும் தயாரிக்கலாம். மெல்லிய ரப்பர் பேண்டு கூடவே கூடாது. ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். பட்டை போட்ட பின் விரல் நுனிகள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, கை வீங்கினாலோ உடனே கழற்ற வேண்டும். பட்டை போட்டவர்களில் சிலருக்கு அந்த இடத்தில் தோல் சிவப்பதும் கொப்புளம் எழுவதும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்த்திப் பார்ப்பது அதற்கும் நல்லது.

தியேட்டருக்குள் பட்டையோடு போவதற்கு அனுமதி வேண்டும். வளையல், கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். மணிக்கட்டில் புதிதாக ஒன்று தெரிந்தால் சிஸ்டர் அதையும் கழற்றுவார், அது அவருடைய கடமை. ஆகவே மயக்க மருந்து மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். உலோகக் குமிழ் உள்ள பட்டை தியேட்டருக்கு ஆகாது. அனுமதி கிடைக்காவிட்டால் வாசல் வரை அழுத்திவிட்டு, வெளியே வந்த பின் தொடரலாம்.

எப்போது தொடங்குவது?

மயக்கம் கொடுப்பதற்கு முன். ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஆபரேஷன், மசக்கை, கீமோதெரபி வாந்திகளுக்கு இந்தப் புள்ளியைத் தூண்டிப் பார்த்த 33 ஆய்வுகளை 1996-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். மயக்கத்தில் ஆழ்ந்த பிறகு தூண்டிய ஆய்வுகள் நான்கு. நான்கிலும் பலன் இல்லை. மீதி 29-இல் 27 ஆய்வுகள் பலன் கண்டன. டண்டீயும் நேரத்தை வலியுறுத்தியவர்தான். 2004-இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த ஆய்வு மட்டும், முன்பு செய்தாலும் பின்பு செய்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. விவாதம் அப்படியே இருக்கட்டும். முன்பே தொடங்குவதால் நட்டம் ஒன்றும் இல்லை. தியேட்டருக்கு அழைப்பதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பு பட்டையைப் போடுவது, அல்லது கையால் அழுத்தத் தொடங்குவது நடைமுறைக்கு ஏற்றது. திரும்பி வந்த பிறகு முதல் 24 மணி நேரம், விழித்திருக்கும்போதெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரு கைகளிலும் சில நிமிடங்கள் அழுத்தலாம். தூங்குபவரை இதற்காக எழுப்ப வேண்டாம். தூக்கமே குமட்டலுக்கு நல்ல மருந்து.

எவ்வளவு நம்பலாம்?

சுவீடனில் ஐதா அல்காய்சியும் கூட்டாளிகளும் மகளிர் நோய் ஆபரேஷன் செய்துகொண்ட 410 பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஆய்வு 2002-இல் வெளியானது. பட்டையே போடாதவர்களில் 46 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் குமட்டலோ வாந்தியோ வந்தது. பி6-இல் பட்டை போட்டவர்களில் அது 33 சதவீதம். சம்பந்தமில்லாத இடத்தில் பட்டை போட்டவர்களில் 38 சதவீதம்.

இந்த மூன்றாவது எண்ணை மறைக்காமல் பார்க்க வேண்டும். தவறான இடத்தில் போட்ட பட்டைகூடக் கொஞ்சம் உதவியதாகத் தெரிகிறது. யாரோ அக்கறையோடு கையைப் பிடித்து ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள், இனி வாந்தி வராது என்று மனம் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கும் பங்கு உண்டு. ஆனால் 46-இலிருந்து 33-க்கு இறங்கியதுதான் புள்ளியியல் சோதனையில் தேறியது, 38 தேறவில்லை.

ஒற்றை ஆய்வுகளை விட்டுவிட்டு மொத்தமாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் அன்னா லீ. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக அவரும் கூட்டாளிகளும் இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்ப அலசியிருக்கிறார்கள். 2015-இல் வந்த பதிப்பில் 59 ஆய்வுகள், 7,667 பேர். ஊசி, மின்தூண்டல், விரல், பட்டை எல்லாம் அதில் அடக்கம். பொய்த் தூண்டலோடு (வேறு இடத்திலோ வெறும் பாவனையாகவோ செய்வது) ஒப்பிட்டால் குமட்டல் சுமார் மூன்றில் ஒரு பங்கும், வாந்தி ஐந்தில் இரண்டு பங்கும் குறைந்தன. அதாவது, 100 பேரில் 30 பேர் வாந்தி எடுத்திருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 18 பேர் எடுப்பார்கள். 12 பேர் தப்பிக்கிறார்கள். 18 பேர் தப்பிக்கவில்லை. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்றும் லீ குழுவினர் எழுதினார்கள். பொய்த் தூண்டலோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் தரத்தைக் குறைவு என்றே மதிப்பிட்டார்கள். பக்க விளைவுகள் லேசானவை, தானே மறைந்தவை.

குழந்தைகளிடமும் சோதனை நடந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் மாறுகண் ஆபரேஷன் செய்த 40 குழந்தைகளில், பி6-இல் வலியில்லாத லேசர் ஒளி பாய்ச்சப்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வாந்தி எடுத்தார்கள். பாய்ச்சப்படாதவர்களில் 85 சதவீதம். 1998-இல் வெளியான ஆய்வு. எண்ணிக்கை சிறியது, முடிவு பெரியது. இத்தகைய ஆய்வைக் கேட்டு மகிழலாம், அதன் மேல் முழுப் பாரத்தையும் வைக்கக் கூடாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்பக ஆபரேஷன் செய்துகொண்ட 75 பெண்களிடம் நடந்த ஆய்வும் இதே வகை. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி எதுவும் இல்லாமல் இருந்தவர்கள், மின்தூண்டல் பெற்றோரில் 77 சதவீதம், வாந்தித் தடுப்பு மருந்தான ஒன்டான்செட்ரான் ஊசி பெற்றோரில் 64 சதவீதம், இரண்டும் பெறாதவர்களில் 42 சதவீதம்.

மருந்தை விடாதீர்கள்

மருந்துக்கு நிகரான பலன் என்று கேட்டதும், அப்படியானால் மருந்து எதற்கு என்று தோன்றும். இந்தத் திருப்பத்தில்தான் நிதானம் வேண்டும். தமிழ்நாட்டில் அக்குபிரஷரும் அக்குபங்சரும் பரவலாகத் தெரிந்தவை. ஊசி மருந்தே வேண்டாம், எல்லாவற்றையும் புள்ளிகளே பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆபரேஷன் விஷயத்தில் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி பற்றி 2020-இல் வெளியான நான்காவது சர்வதேச வழிகாட்டுதல், ஒன்று அல்லது இரண்டு அபாயப் புள்ளிகள் உள்ளவருக்கு இரண்டு தடுப்பு முறைகளும், அதற்கு மேல் உள்ளவருக்கு மூன்று நான்கு முறைகளும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. ஒன்டான்செட்ரான் மூளையின் வாந்திப் பகுதிக்கான ஒரு வாசலை அடைக்கிறது. டெக்சாமெத்தசோன் என்ற மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது. பி6 இன்னொரு வழியில். அந்த வழிகாட்டுதலில் பி6 தூண்டலுக்கும் இடம் உண்டு, ஆனால் மருந்துகளோடு சேர்ந்த இடம். நான்கு புள்ளியோடு படுக்கும் ஒரு பெண்ணுக்கு விரல் அழுத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு மருந்தை மறுப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

தண்டுவடத்தில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் திடீரென்று குமட்டினால் காரணம் பெரும்பாலும் வேறு: ரத்த அழுத்தம் இறங்குகிறது. அப்போது மணிக்கட்டைத் தேடக் கூடாது. குமட்டுகிறது என்று தலைமாட்டில் நிற்கும் மருத்துவரிடம் அந்த நொடியே சொல்ல வேண்டும். அவர் அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொடுத்தால் குமட்டல் நிற்கும். சிசேரியனில் பி6-இன் பலன் பற்றிய ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை.

எந்தக் கையில் அழுத்தக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கை, மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளை அகற்றிய பக்கத்துக் கை, எலும்பு முறிந்த கை, புண்ணோ வீக்கமோ ரத்தக்கட்டோ உள்ள கை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மென்மையாக அழுத்தினால் போதும். அவர்களுக்குச் சட்டென்று கன்றிப்போகும்.

விரல் அழுத்தத்தால் மறைக்கக் கூடாத வாந்திகளும் உண்டு. வாந்தியில் ரத்தம் வந்தால், பச்சையாகத் தொடர்ந்து வந்தால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால், தலை ஆபரேஷனுக்குப் பிறகு தலைவலியோடு வாந்தி வந்தால், சிறுநீர் குறைந்துகொண்டே போனால், வீட்டுக்கு வந்த மறுநாளும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளி மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது; சாப்பாடும் மருந்தும் தவறினால் சர்க்கரை தாறுமாறாகப் போகும்.

கட்டிலருகே இருப்பவருக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. நோயாளியைச் சட்டென்று உட்கார வைக்காதீர்கள். தலைமாட்டை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். குடிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, டம்ளரை நீட்டாமல் ஸ்பூனால் கொடுங்கள். பார்க்க வருகிறவர்களை மல்லிகைப் பூவோடும் பிரியாணிப் பொட்டலத்தோடும் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்துங்கள். குமட்டல் தொடங்கிவிட்டால், ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே பிடித்து மெதுவாக மூச்சிழுக்கச் சொல்வது பலருக்கு விரைவில் தணிப்பைத் தருகிறது; அதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. அப்போதும் குமட்டல் நிற்காவிட்டால் சிஸ்டரைக் கூப்பிட்டு ஊசி கேளுங்கள். பொறுத்துக்கொண்டு கிடப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து மருத்துவர் நோயாளியைப் பார்க்க வருவார். சில நிமிடங்களே இருப்பார்; சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை பற்றிக் கேட்பார். அவர் எழுந்து போவதற்குள் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: பஸ் பயணத்தில் வாந்தி வருமா, முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகு வந்ததா, மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொள்ள விருப்பமா. முதல் இரண்டையும் வைத்து அவர் மருந்தை முடிவு செய்வார். மூன்றாவதற்கு அவர் சரி என்றால், அன்று மாலையே நோயாளியின் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து அளந்து புள்ளி வைத்துவிடுங்கள்.